சைட்டா, ஃபைலா? டிப்ளமோ சிவில் முடித்தவனுக்கு வேலையோடு பயிற்சி – சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம் பையன்

எல்லோருக்கும் வணக்கம். வேலந்தாவளம் பக்கம் வீடு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்று, கோயம்புத்தூரில் அடுக்குமாடி கட்டும் கம்பெனி. ட்ரெய்னி என்று சொல்லி மாதம் 12,000, தங்க இடமும் உண்டு. ஆனால் கடிதம் எதுவும் கையில் தரவில்லை. "வந்து சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள்.

இன்னொன்று, சித்தூரில் ஒரு எஞ்சினியர் ஆபீஸ். மொத்தம் ஆறு பேர். தனி வீடுகள், பஞ்சாயத்து லைஃப் வீடுகளுக்கு (வீடில்லாதவர்களுக்கான அரசுத் திட்டம்) பிளான், இப்போது நாலு வில்லா வேலையும் நடக்கிறது. ஒரு வருடம் அப்ரண்டிஸ், முறைப்படி பதிவு, மாதம் 8,000. பைக்கில் போய்வரலாம்.

"நாலாயிரம் ரூபாய் வித்தியாசம், இதில் யோசிக்க என்ன இருக்கு" என்கிறார் அப்பா. எனக்கு ஆசை வேறு. ஆறேழு வருடம் கழித்துச் சின்னதாக நாலு வீடு நானே கட்டி விற்க வேண்டும். மலையாளம் நன்றாகப் பேசுவேன், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். எதில் சேரலாம்?

பொள்ளாச்சி சென்ட்ரிங்

கோவைக்குப் போ தம்பி. சின்ன வயசில் பெரிய சைட் பார்த்துவிட வேண்டும். பைல் ஃபவுண்டேஷன், ராஃப்ட், மிவான் என்கிற அலுமினிய ஷட்டரிங், ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) பார்ப்பது, கான்கிரீட்டில் க்யூப் போட்டு பலம் பார்க்க 28 நாள் கழித்து உடைப்பது, இதெல்லாம் தனி வீட்டில் எங்கே பார்ப்பாய்? ஆயிரம் சதுர அடி வீட்டை எங்கள் ஊர் மேஸ்திரியே கட்டிவிடுவார், அவருக்கு எஞ்சினியர் தேவையில்லை. சித்தூர் ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் வரைபடம் போட்டே ஒரு வருடம் ஓடிவிடும்.

கஞ்சிக்கோட்டான்

பெரிய சைட் என்றால் பெரிய படிப்பு என்று நம்பிப் போனவன் நான். கம்பெனி பேர் வேண்டாம். பதினான்கு மாடி. என்னை நிறுத்திய இடம் கேட். சிமெண்ட் லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மூட்டை, எம்-சாண்ட் எத்தனை யூனிட், டிரைவர் கையெழுத்து. பதினோரு மாதம் அதே நோட்டு. பதினான்கு மாடி என் கண் முன்னால்தான் எழுந்தது, கழுத்து வலிக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். கம்பி கட்டும் இடத்துக்குப் போனால் "உன் கேட்டை யார் பார்ப்பா?" என்பார்கள்.

கடைசியில் அனுபவச் சான்று கேட்டபோது நான் அவர்கள் ஆளே இல்லை, லேபர் கான்ட்ராக்டர் ஆள் என்றார்கள். கடிதம் இல்லாமல் சேர்ந்த லட்சணம். தம்பி, 12,000 பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கடிதம் இல்லை என்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன்.

நகரிக்காரன்

ஒரு சந்தேகம். எந்தச் சித்தூர்? எங்கள் ஆந்திரா சித்தூரா, பாலக்காடு சித்தூரா? நான் பாதி இழை வாசித்த பிறகுதான் கொழிஞ்சாம்பாறை என்ற பேரைப் பார்த்தேன். :)

வேலந்தாவளம் பையன்

பாலக்காடு சித்தூர் அண்ணா. சோகநாசினி ஆறு ஓடுகிற சித்தூர்.

சித்தூர் அக்கா

தம்பி, நான் இதே தொழிலில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன், லைசென்ஸ் வைத்துப் பிளான் போடுகிறேன். நீ சொல்லும் ஆபீஸ் என்னுடையது இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: சித்தூரில் சேர். ஆனால் சென்ட்ரிங் அண்ணா சொன்னதையும் தள்ளிவிடாதே, ஆட்டோகேட் முன்னால் உட்கார வைத்தால் அது பயிற்சியே இல்லை.

முதலில் பணம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. 2019-இல் விதியைத் திருத்தியபோது டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 8,000 என்று வைத்தார்கள். பட்டதாரி, டிப்ளமோ ஆட்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பதிந்தால் அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை அரசு கொடுக்கிறது. அதனால்தான் சின்ன ஆபீஸும் எடுக்க முடிகிறது. நாலு பேருக்குக் குறையாத இடமாக இருக்க வேண்டும், முப்பதைத் தொட்டால் அப்ரண்டிஸ் எடுப்பதே கட்டாயம். ஒப்பந்தம் இணையத்தில் பதிவாகும், தென் மாநிலங்களுக்கு சென்னை தரமணியில் இருக்கும் வாரியம்தான் கடைசியில் சான்றிதழ் தருகிறது. கஞ்சிக்கோட்டான் தம்பிக்கு நடந்தது அங்கே நடக்காது.

இப்போது என் கதை. நான் பயிற்சிக்குச் சேர்ந்து சில வருடத்தில் கேரளத்தில் நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2008. அதன் பிறகு ஒரு நாள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். கொழிஞ்சாம்பாறை தாண்டிப் பத்து சென்ட் வாங்கியிருந்தார். ஆதாரத்தை, அதாவது பத்திரத்தைக் காட்டினார். இனம் என்ற இடத்தில் 'நிலம்' என்று இருந்தது. அவர் அதை மலையாளம் தெரிந்த ஒரு பையனிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார், பையனும் நிலம் என்றே வாசித்திருக்கிறான். நிலம் வாங்கினால் நிலம் என்றுதானே இருக்கும் என்று இவர் நிம்மதியாகக் காசு கொடுத்துவிட்டார்.

கேரள ரெக்கார்டில் நிலம் என்றால் வயல். வீடு கட்டும் இடம் என்றால் 'புரயிடம்' என்று இருக்க வேண்டும். நம் ஊர் நன்செய், புன்செய் கணக்கு இங்கே இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. பஞ்சாயத்தில் பர்மிட் கிடையாது என்றார்கள். டேட்டா பாங்கில் (வயல்களின் அரசுப் பட்டியல்) அந்த சர்வே நம்பர் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண்மை ஆபீஸ்) போய்ப் பார்த்தோம். இருந்தது. அதிலிருந்து எடுக்க ஃபாரம் 5. டேட்டா பாங்கில் இல்லாமல் வில்லேஜ் ரெக்கார்டில் மட்டும் நிலம் என்று இருந்தால் அதற்கு ஃபாரம் 6. வேறு வீடு, வேறு இடம் இல்லாத வயல்காரருக்குப் பஞ்சாயத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட் வரை அனுமதி வாங்க வழி உண்டு, ஆனால் இவருக்குப் பொள்ளாச்சியில் வீடு இருந்தது. அஸ்திவாரத்துக்கு இறக்கிய கருங்கல் இரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தது. செடி முளைத்து மூடிவிட்டது.

நாலு வீடு கட்டி விற்க ஆசைப்படுகிறவன் கற்க வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான். கரம் அடைத்த (நிலவரி கட்டிய) ரசீது, தண்டப்பேர் நம்பர் (வில்லேஜ் ரெக்கார்டில் உரிமையாளரின் கணக்கு எண்), கைவசச் சான்று (அனுபோகச் சான்று), குடிக்கடம் (வில்லங்கம்), இந்தச் சொற்கள் நாக்கில் புரள வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டா, வில்லங்கமும் உனக்குத் தெரியும். எல்லையில் பிறந்தவனுக்கு இரண்டு பக்கக் காகிதமும் வாசிக்க வந்துவிட்டால் இரண்டு பக்கமும் வேலை. மலையாளம் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாய் அல்லவா, ஆறு மாதம் ஃபைல் தூக்கினால் சரளமாகிவிடும். நான் அப்படித்தான் கற்றேன், வில்லேஜ் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து.

நகரிக்காரன்

அக்கா சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். எங்களுக்கு மெட்ட, மாகாணி. மெட்ட என்றால் புன்செய், மாகாணி என்றால் நன்செய். தமிழில் மாகாணி பதினாறில் ஒரு பங்கு, அதனால் எங்கள் தாத்தா பத்திரத்தை வாசித்துவிட்டு "என்னடா, சொத்தில் பதினாறில் ஒரு பங்குதான் வந்திருக்கா" என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

2019-இல் ஆந்திராவில் கிராமச் சச்சிவாலயம் (கிராமச் செயலகம்) வந்தபோது எஞ்சினியரிங் அசிஸ்டெண்டாக டிப்ளமோ ஆட்களையும் எடுத்தார்கள், என் நண்பன் போனான். முதல் வேலையே வீட்டுமனை லேஅவுட். கிராமத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட் என்று வரிசையாகக் கல் நட வேண்டும். ஒன்றரை சென்ட் என்றால் சுமார் 650 சதுர அடி. அதற்குள் அடித்தளம், கக்கூஸ், படி எல்லாம் அடங்க வேண்டும். "பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்ததைவிட அந்த ஒரு கோடைகாலத்தில் கயிறு பிடித்துக் கற்றது அதிகம்" என்பான்.

பழைய ஓவர்சியர்

அக்கா காகிதம் சொல்லிவிட்டார். நான் மண்ணைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, பேரன்தான் இதைத் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கரிசல் மண். கேரளத்தில் வேறெங்கும் இப்படி இல்லை. மேற்கே வெட்டுக்கல்லும் செம்மண்ணும், இங்கே மட்டும் கோவில்பட்டியைப் பார்ப்பது போல இருக்கும். மழை பெய்தால் ஊதும், வெயிலில் சுருங்கும், ஏப்ரலில் வெடிப்புக்குள் விரல் போகும். ஒற்றப்பாலம் பக்கத்து எஞ்சினியர் அந்த ஊர்ப் பழக்கத்தில் இங்கே வந்து இரண்டடி தோண்டிக் கருங்கல் அஸ்திவாரம் போட்டால், மூன்றாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு கிளம்பும். சுண்ணாம்பு பூசிப் பூசி மாளாது.

1972-இல் எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சராக இருந்தபோது நிலமற்ற தொழிலாளிகளுக்கு லட்சம் வீடு திட்டம் வந்தது. எங்கள் பக்கமும் கட்டினார்கள். நடுச்சுவர் ஒன்று, அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். எண்பதுகளில் நான் தற்காலிக வேலையில் சேர்ந்தபோது என்னை முதலில் அனுப்பியது அப்படி ஒரு காலனிக்கு, வெடிப்பு அளக்க. வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி வரச் சொன்னார் மேலதிகாரி. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பதினேழு ஒட்டினேன். மழைக்குப் பிறகு போனால் பதினொன்று உடைந்திருந்தது. ஒரு பாட்டி நாலு துண்டைப் பெயர்த்து எடுத்து வைத்திருந்தார், குழந்தை காலில் குத்திவிடும் என்று. அப்போதுதான் எனக்கு மண் என்றால் என்ன என்று புரிந்தது. இப்படிப்பட்ட மண்ணுக்கு அண்டர் ரீம்டு பைல் என்று ஒன்று உண்டு. மூன்றரை மீட்டர் அளவுக்குத் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலமாக்கிக் கான்கிரீட் போடுவது. குடத்தின் விட்டம் தண்டைப் போல இரண்டரை மடங்கு. ரூர்க்கி ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை. மேலே மண் ஆடினாலும் கீழே குடம் அசையாது.

தம்பி சேரப் போகும் ஆபீஸில் ஒரு கேள்வி கேள்: கரிசல் மண்ணில் என்ன அஸ்திவாரம் போடுகிறீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் கோயம்புத்தூருக்கே போய்விடு.

அப்புறம் சிலாப் நாள். சென்ட்ரிங் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, தனி வீட்டில்தான் இதைக் கற்க முடியும், ஏனென்றால் அங்கே உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. சன்ஷேட் என்பது சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்பது, இழுவை மேல்பக்கம். அதனால் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். கம்பி கட்டுபவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். கான்கிரீட் சட்டியோடு எட்டுப் பேர் அதன் மேல் நடந்தால் கம்பி அமுங்கி அடிக்குப் போய்விடும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, கான்கிரீட் மூடிவிடும். பலகை பிரிக்கும் நாளில் சன்ஷேட் ஆளோடு கீழே வரும். நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, அன்று ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். அன்றிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளை யாராக இருந்தாலும் கையில் ஒரு கொக்கியைக் கொடுத்து நிறுத்துவேன். 8 மில்லி கம்பியை வளைத்தது, இரண்டடி நீளம். ஆள் மிதித்து நகர்ந்ததும் கம்பியைத் தூக்கு, கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக் விழுந்திருந்தால் நிமிர்த்து. காலையிலிருந்து மாலை வரை அதுதான் வேலை. திட்டிக்கொண்டே செய்வார்கள், மறக்கவே மாட்டார்கள்.

பொள்ளாச்சி சென்ட்ரிங்

கோபம் எல்லாம் இல்லை ஐயா. கொக்கி விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் இவ்வளவு சொல்லிக் கொடுக்க உங்களை மாதிரி ஒரு ஆள் அந்த ஆபீஸில் இருக்க வேண்டுமே. முக்கால்வாசிச் சின்ன ஆபீஸில் எஞ்சினியர் சைட்டுக்கு வருவது பூஜை அன்றும் சிலாப் அன்றும்தான். அன்றும் ஃபோட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்.

கஞ்சிக்கோட்டான்

இது சரியான பேச்சு. அதனால்தான் சேரும் முன்னால் அங்கே இதற்கு முன் பயிற்சியில் இருந்த பையனைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். அவனிடம் "நல்லா இருந்துச்சா" என்று கேட்காதே. எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) உன் கையால் அளவு எழுதினாயா, வில்லேஜ் ஆபீஸுக்குத் தனியாகப் போனாயா, கம்பி செக் பண்ணித் தப்பு என்று நீ சொன்னதால் ஒரு தடவையாவது கான்கிரீட் நின்றதா என்று கேள். மூன்றாவதற்கு ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் லாரி நம்பர் சொல்லியிருப்பேன்.

குடும்பஸ்ரீ கரண்டி

இங்கே எல்லோரும் டிப்ளமோ பற்றியே பேசுகிறீர்கள். நான் பத்தாவது. எலப்புள்ளிப் பக்கம். குடும்பஸ்ரீயில் (கேரள அரசின் பெண்கள் சுயஉதவிக் குழுத் திட்டம்) பெண்களைச் சேர்த்துக் கட்டுமானக் குழு ஆக்கியபோது நானும் சேர்ந்தேன். அதற்கு முன் சித்தாள், பதினோரு வருடம் செங்கல் தூக்கினேன், கரண்டியைத் தொட விட்டதில்லை. பயிற்சி என்றால் வகுப்பறை இல்லை, ஒரு ஏழைக்கு ஒதுக்கிய நிஜமான வீட்டையே நாங்கள் கட்ட வேண்டும். தப்பாகக் கட்டினால் பிரித்து மறுபடி கட்டு. தூக்குக்குண்டு பிடிக்க முதல் நாள் கை நடுங்கியது, காற்று வேறு. மூன்றாவது வரிசையில் சுவர் ஒரு விரல் வெளியே போய்விட்டது, ஆசான் கையால் தள்ளியே சரித்துவிட்டார். அழுகை வந்தது. நாலாவது நாள் நேராக நின்றது.

லைஃப் வீட்டுக்கு 4 லட்சம் தவணையாக வரும். ஒவ்வொரு கட்டம் முடிந்து பஞ்சாயத்திலிருந்து வி.இ.ஓ. (கிராம விரிவாக்க அலுவலர்) வந்து பார்த்தால்தான் அடுத்த தவணை. அதைப் பயனாளிக்கு விளக்கிச் சொல்லவும் நாங்கள்தான். பேஸ்மெண்டைப் பெரிசாகப் போட்டுவிட்டுப் பாதியில் நிற்கிற வீடு எங்கள் பஞ்சாயத்தில் எத்தனை இருக்கிறது தெரியுமா? அந்தத் தம்பி லைஃப் பிளான் போடப் போகிறான் என்றால், தயவுசெய்து 400 சதுர அடிக்கு மேல் ஆசை காட்டி வரையாதே. மகன் கல்யாணத்துக்கு இன்னொரு ரூம் என்பார்கள், கேட்காதே. பின்னால் சேர்க்க இடம் விட்டு வரைந்து கொடு.

சித்தூர் அக்கா

கரண்டி சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். நன்றி.

முதலமடை மாந்தோப்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திருச்சூரில் கோஸ்ட்ஃபோர்டு என்று ஒன்று இருக்கிறதே, 1985-இல் ஆரம்பித்தது, குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரும் அதில் இருந்தார். சுவருக்குள் இடைவெளி விட்டு எலிப்பொறிக் கட்டு கட்டினால் செங்கல் கால்வாசி மிச்சம், உள்ளே சூடும் குறைவு. பாலக்காட்டு வெயிலுக்கு ஏற்றது. எங்கள் வீடு அப்படித்தான். அந்த வழியில் ஆர்வம் இருந்தால் விசாரிக்கலாம்.

தத்தமங்கலம் தரகு

எல்லோரும் பயிற்சியைப் பற்றிப் பேசினீர்கள், நாலு வீடு கட்டி விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டம் 2016. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலும், வீடு எட்டைத் தாண்டாவிட்டாலும் பதிவு கட்டாயம் இல்லை. அதற்கு மேல் போனால் பதியாமல் விளம்பரம்கூடச் செய்ய முடியாது. பதிந்தால் வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், அந்த வேலைக்கும் அந்த நிலத்துக்கும் மட்டும்தான் எடுக்கலாம். கட்டுமானக் குறை என்றால் சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் உன் பொறுப்பு. ஓவர்சியர் ஐயா சொன்ன மூன்றாம் வருட வெடிப்பை இதோடு சேர்த்துப் படித்துப் பார் தம்பி. மண் தெரியாமல் வில்லா விற்றவர் ஒருவர் இரண்டு தோப்பை விற்று வெடிப்பு அடைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எஞ்சினியரிங் தெரியாது. ஆனால் விற்பவனுக்கு முதலில் போகிறது கிணறுதான். கிணற்றுக்கும் செப்டிக் குழிக்கும் ஏழரை மீட்டர் வேண்டும் என்பது விதி. நாலு வில்லாவை ஒட்டி ஒட்டிப் போட்டால் பக்கத்து வீட்டுக் குழி உன் கிணற்றின் அருகே வந்துவிடும். நாலு வீட்டையும் ஒரே தாளில் வரையாமல் தனித்தனியாகப் பர்மிட் வாங்குபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வேலந்தாவளம் பையன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு அக்காவின் பதிவை வாசித்துக் காட்டினேன். 'நிலம்' கதை வந்ததும் எழுந்து உள்ளே போய் எங்கள் தோப்பு ஆதாரத்தை எடுத்து வந்துவிட்டார். புரயிடம் என்றுதான் இருக்கிறது. நாளைக்கு அந்த ஆபீஸில் கரிசல் மண் கேள்வியைக் கேட்கிறேன்.

வேலந்தாவளம் பையன்

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். சித்தூரிலேயே சேர்ந்துவிட்டேன். கரிசல் மண் கேள்விக்கு சார் பதில் சொல்லவில்லை, எழுந்து "வா" என்று நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு சைட்டுக்கு அழைத்துப் போய் பைல் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார்.

கெட்ட செய்தியும் உண்டு. மூன்றாம் வாரம் ஒருவரின் ரெக்கார்டிலிருந்து அளவு எடுத்து எழுதச் சொன்னார்கள். 4.04 என்று இருந்தது. கேரளத்தில் ஆர் கணக்கு என்பது மறந்துபோய் 4.04 சென்ட் என்று எழுதி, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு குட்டி வீடும் வரைந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து பிளானைப் பார்த்துவிட்டு "என் பத்து சென்டில் ஆறு சென்ட் எங்கே போச்சு, யார் வேலி போட்டா?" என்று கத்த ஆரம்பித்தார். சார் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. ஒரு ஆர் என்றால் 2.47 சென்ட் என்று என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

கே-ஸ்மார்ட்டில் (கேரள உள்ளாட்சிகளின் இணையதளம்) பர்மிட் போடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மலையாளம் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் இன்னும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கிறது. அப்பா இன்னும் நாலாயிரம் கணக்கைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

நாளைக்கு எனக்கு முதல் சிலாப். இரண்டு பக்கம் சன்ஷேட். கொக்கி வளைத்து பைக் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பழைய ஓவர்சியர்

இரண்டு கொக்கி எடுத்துக்கொள், ஒன்று கான்கிரீட்டுக்குள் போய்விடும். ஷூ போட்டுக்கொண்டு ஏறு. பலகை ஓரத்தில் நிற்காதே. சிமெண்ட் பிபிசி (PPC, சாம்பல் கலந்த சிமெண்ட்) என்றால் பத்து நாள் தண்ணீர் விட வேண்டும், வீட்டுக்காரர் மூன்றாம் நாளே நிறுத்துவார், நீ போய்ப் பார்.